சுவரா, நீச்சலா?

1983. அக்டோபர் 2. நமக்கு காந்தி ஜெயந்தி. இங்கிலாந்தில் அது வெறும் ஞாயிற்றுக்கிழமை. பிபிசி டிவியில் ஒரு நேரடி ஒளிபரப்பு நடந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் என்பது பூதமல்ல, கிட்டே போனால் கடித்துவிடாது, தைரியமாகத் தொடலாம் என்று பொதுஜனத்துக்குச் சொல்லிக்கொடுக்கும் நிகழ்ச்சி.

அன்றைய அயிட்டங்களில் ஒன்று, ஈமெயில். பிரிட்டிஷ் டெலிகாம் நடத்திய மெயில் சேவைக்குள் டெலிபோன் லைன் வழியாக நுழைவது, வந்திருக்கும் கடிதங்களைத் திறந்து காட்டுவது. அவ்வளவுதான் திட்டம். நுழைந்தார்கள். கடிதத்துக்குப் பதில் திரையில் ஒரு பாட்டு வந்து நின்றது! யாரோ விஷமக்காரர்கள் அந்த அக்கவுண்டுக்குள் புகுந்து, பாஸ்வேர்டைக் கண்டுபிடித்த பெருமையை எதுகை மோனையோடு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

நேரடி ஒளிபரப்பு. வெட்டி ஒட்ட வழியில்லை. பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் பாட்டைப் படித்தார்கள்.

ஒரு தேசம் தன் மக்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுத்தரக் கிளம்பிய வேகத்திலேயே, பாடத்திட்டத்தில் இல்லாத இன்னொரு பாடம் கூப்பிடாமல் வந்து உட்கார்ந்துகொண்டது. பாதுகாப்பு. கம்ப்யூட்டரைச் சொல்லிக்கொடுப்பதும் அதில் பத்திரமாக இருக்கச் சொல்லிக்கொடுப்பதும் ஒரே பாடமா, வேறு வேறா? இதற்கு பதில் தேடி இங்கிலாந்து முப்பது வருஷம் அலைந்தது. கடைசியில் பதில் கிடைத்த இடம், ஐந்து வயதுக் குழந்தைகளின் வகுப்பறை.

*

1978 மார்ச்சில் பிபிசி ஓர் ஆவணப்படம் காட்டியது. ஹொரைசன் என்ற அறிவியல் வரிசையில் வந்த படம். மைக்ரோ சிப் என்று ஒரு சின்ன வஸ்து வந்திருக்கிறது, அது நம் தொழிற்சாலைகளையும் ஆபீஸ்களையும் தலைகீழாகப் புரட்டிவிடும், ஏகப்பட்ட பேருக்கு வேலை போகும் என்றது படம். வயிற்றில் புளியைக் கரைத்தது. அரசாங்கம் விழித்துக்கொண்டது. பள்ளிகளுக்கு என்று மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ் கல்வித் திட்டம் வந்தது. பிபிசியும் சும்மா இருக்கவில்லை. கம்ப்யூட்டர் கல்வி இயக்கம் ஒன்றை ஆரம்பித்தது. டிவி தொடர், புத்தகம், கூடவே சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர்.

டிவி கம்பெனிக்கு எதற்குக் கம்ப்யூட்டர்? காரணம் இருந்தது. அன்றைக்கு மார்க்கெட்டில் இருந்த ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு விதமான பேசிக் மொழி பேசியது. டிவியில் ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் வீட்டில் இருக்கும் மெஷினில் அது ஓடாது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு மெஷின் வேண்டும்.

கேம்பிரிட்ஜில் ஏகார்ன் என்று ஒரு சின்ன கம்பெனி. முதலாளிகளில் ஒருவர் ஹெர்மன் ஹவுசர். பிபிசி ஆட்கள் வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறார்கள், அதற்குள் ஒரு மாதிரி மெஷின் செய்து காட்டவேண்டும். கையில் இருப்பது ஒரு வாரம்கூட இல்லை. ஹவுசர் ஒரு தந்திரம் செய்தார். தன் இன்ஜினீயர் ஸ்டீவ் ஃபர்பரைக் கூப்பிட்டு, 'முடியும் என்று சோஃபி சொல்லிவிட்டார்' என்றார். அந்தப் பக்கம் சோஃபி வில்சனைக் கூப்பிட்டு, 'முடியும் என்று ஸ்டீவ் சொல்லிவிட்டார்' என்றார். இரண்டு பேரும் ரோஷத்தோடு வேலையில் இறங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் மெஷின் அசையவில்லை. சோதனைக் கருவியோடு சேர்த்திருக்கும் வயரைக் கழற்றிப் பாருங்களேன் என்றார் ஹவுசர். கழற்றினார்கள். ஓடியது. பிபிசி ஆட்கள் உள்ளே வரும்போது மெஷின் சமர்த்தாக வேலை செய்துகொண்டிருந்தது.

அதுதான் பிபிசி மைக்ரோ. 1981 டிசம்பரில் வெளிவந்தது. ஒரு 12,000 விற்றால் பெரிய விஷயம் என்று பிபிசி கணக்குப் போட்டிருந்தது. விற்றது, 15 லட்சத்துக்கும் மேல்! பள்ளிகள் மெஷின் வாங்கினால் பாதிப் பணத்தை அரசாங்கம் கொடுத்தது. 1981-ல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு, 1982-ல் ஆரம்பப் பள்ளிகளுக்கும். கடல் தாண்டி நம் ஊருக்கும் வந்தது. 1984-85-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிக் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தை ஆரம்பித்தபோது இறக்குமதியான மெஷின் இதே பிபிசி மைக்ரோதான்.

அந்த மெஷினை ஆன் செய்தால் என்ன தெரியும்? படம் கிடையாது, பட்டன் கிடையாது, மவுஸ் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மினுக் மினுக்கென்று சிமிட்டிக்கொண்டிருக்கும். 'என்ன செய்யணும், சொல்லு' என்று அர்த்தம். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அதுவும் எதுவும் செய்யாது. எனவே, சொல்லியாக வேண்டும். தன் பெயரைத் திரை முழுக்க ஓடவிட இரண்டே வரி புரோகிராம் போதும். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் பொடியன்கள் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்து, ஷோகேஸில் இருக்கும் மெஷினில் இந்த இரண்டு வரியைத் தட்டிவிட்டு ஓடிவந்துவிடுவார்கள்.

சின்னக் குழந்தைகளுக்கு இன்னொரு வழி இருந்தது. ஆமை. இது அமெரிக்காவிலிருந்து வந்த சமாசாரம். சேமூர் பாப்பர்ட் என்றொரு கணித மேதை. பிறந்தது தென்னாப்பிரிக்காவில். ஜெனீவாவில் ழான் பியாஜே என்ற குழந்தை உளவியல் ஆசானுடன் வேலை பார்த்தவர். குழந்தைக்கு அறிவை ஊட்டிவிட முடியாது, அது தானே கட்டிக்கொள்ளும் என்பது அங்கே கற்ற பாடம். அவரும் வாலி ஃபியூர்சீக், சிந்தியா சாலமன் போன்ற சகாக்களும் சேர்ந்து 1967-ல் குழந்தைகளுக்கென்றே லோகோ என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கினார்கள். முன்னே 100 போ, வலது பக்கம் 90 டிகிரி திரும்பு. சொன்னால் ஆமை நகரும். நான்கு முறை சொன்னால் ஒரு சதுரம் கிடைக்கும்.

தப்பாகச் சொன்னால்? ஆமை தப்பாகப் போகும். குழந்தைக்கு அவமானமில்லை. மார்க் குறையாது. எங்கே தப்பு என்று தேடிக் கண்டுபிடித்துத் திருத்தினால் போதும். கம்ப்யூட்டர் குழந்தையை ஆட்டுவிக்கக் கூடாது, குழந்தைதான் கம்ப்யூட்டரை ஆட்டுவிக்க வேண்டும் என்பது பாப்பர்ட் கட்சி. 1980-ல் மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற புத்தகத்தில் இதை விலாவாரியாக எழுதினார். பிரிட்டனின் ஆரம்பப் பள்ளிகளில் பிபிசி மைக்ரோவும் ஆமையும் ஜோடி சேர்ந்துகொண்டன.

*

அப்புறம் என்ன ஆயிற்று?

அப்புறம் விண்டோஸ் வந்தது. 1988-ல் இங்கிலாந்தில் தேசியப் பாடத்திட்டச் சட்டம் வந்தது. கம்ப்யூட்டருக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். ஆனால் வருஷம் ஆக ஆகப் பாடம் உருமாறியது. வேர்டில் கடிதம் அடி. எக்ஸெலில் கூட்டிக் கழி. பவர்பாயிண்டில் படம் காட்டு. ஐசிடி என்று மூன்றெழுத்துப் பெயரும் சூட்டினார்கள். இத்தனைக்கும் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த கல்வி மந்திரி கென்னத் பேக்கர். சில வருஷங்களுக்கு முன்பு தகவல் தொழில்நுட்ப மந்திரியாக இருந்து பள்ளிகளுக்கு மைக்ரோவைக் கொண்டுசேர்த்ததும் அவரேதான்.

இங்கிலாந்தைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. என் பள்ளியிலும் ஒரு கம்ப்யூட்டர் ரூம் இருந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். உள்ளே சாமி இருப்பதுபோல் ஒரு பயபக்தி. நாலு பேருக்கு ஒரு மெஷின், எனக்குக் கிடைத்தது எட்டிப் பார்க்கும் பாக்கியம். பி.காம். முடித்த பிறகுதான் ஒரு கீபோர்டை முழுசாகத் தொட்டேன். எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன வரும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஏன் வருகிறது என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டிரைவிங் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லி, பின் சீட்டில் உட்காரப் பழக்கியது போலத்தான் இது.

இந்தச் சமயம் பார்த்து இண்டர்நெட் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது. கூடவே ஆபாசம், ஏமாற்று, மிரட்டல், முகம் தெரியாத ஆசாமிகள். பெற்றோர் நடுங்கினார்கள். பள்ளிகள் செய்த முதல் காரியம், கேட்டை இழுத்துச் சாத்தியது. ஃபில்டர் போடு. இந்தத் தளம் கூடாது, அந்தத் தளம் கூடாது. கிணற்றைச் சுற்றி ஆளுயரத்துக்குச் சுவர்.

2007-ல் பிரதமர் கார்டன் பிரவுன் ஒரு மருத்துவ உளவியல் நிபுணரைக் கூப்பிட்டு இதை ஆராயச் சொன்னார். டான்யா பைரன். குழந்தை வளர்ப்பு பற்றிய டிவி நிகழ்ச்சிகளால் பிரிட்டனுக்கு நன்றாகத் தெரிந்த முகம். 2008 மார்ச்சில் அறிக்கை வந்தது. அதில் அவர் சொன்ன உதாரணம்தான் அறிக்கையைவிடப் பிரபலமானது. நீச்சல் குளத்தில் வேலி உண்டு, எச்சரிக்கைப் பலகை உண்டு, காவலுக்கு ஆள் உண்டு, ஆழமில்லாத பகுதி தனியாக உண்டு. இவ்வளவும் இருந்தும் குழந்தைக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கத்தானே செய்கிறோம்?

நம் ஊரில் இதற்கு விளக்கமே தேவையில்லை. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிடுவார்கள். கயிற்றின் மறுமுனை அப்பா கையிலோ மாமா கையிலோ இருக்கும். சுவரும் உண்டு, நீச்சலும் உண்டு.

பைரன் சொன்னது வெறும் கருத்து என்று நினைத்தவர்களுக்கு இரண்டே வருஷத்தில் ஆதாரம் வந்தது. இங்கிலாந்தில் பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பு ஆஃப்ஸ்டெட். ஆய்வாளர்கள் வருகிறார்கள் என்றால் தலைமையாசிரியர்களுக்கு வியர்க்கும். அந்த அமைப்பு 35 பள்ளிகளில் போய்ப் பார்த்து, 2010 பிப்ரவரியில் ஓர் அறிக்கை கொடுத்தது. இணையப் பாதுகாப்பில் மிகச் சிறப்பு என்று பெயர் வாங்கியவை ஐந்தே பள்ளிகள். அந்த ஐந்திலும் ஓர் ஒற்றுமை. எல்லாவற்றையும் இழுத்துப் பூட்டியவை அல்ல அவை. கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, கூடவே நின்று பழக்கியவை. பூட்டிவைத்த பள்ளிகளின் பிள்ளைகள்தான், வெளியே போனபோது சமாளிக்கத் தெரியாமல் அதிகம் ஆபத்துக்கு ஆளாகும் நிலையில் இருந்தார்கள்.

யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. பள்ளியின் ஃபில்டர் பள்ளி வாசலோடு சரி. வீட்டில் அண்ணன் செல்போனில் அது இருக்காது.

*

2011 ஆகஸ்ட். கூகுளின் பெரிய தலை எரிக் ஷ்மிட், எடின்பரோவில் ஓர் உரை நிகழ்த்தினார். விருந்தாளியாக வந்தவர் விருந்து கொடுத்தவர்களையே ஒரு பிடி பிடித்தார். உலகின் முதல் ஆபீஸ் கம்ப்யூட்டரை 1951-ல் ஓடவிட்டது லயன்ஸ் என்ற உங்கள் ஊர் டீக்கடைக் கம்பெனி. அப்படிப்பட்ட நாட்டுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒரு வழக்கமான பாடமாகக்கூட இல்லையா? சாஃப்ட்வேரைப் பயன்படுத்தத்தான் சொல்லித் தருகிறீர்கள், அது எப்படி உருவாகிறது என்று சொல்லித் தருவதில்லை என்றார். சுருக்கென்று தைத்தது.

2012 ஜனவரி. கல்வி மந்திரி மைக்கேல் கோவ், பழைய ஐசிடி பாடத்திட்டத்தைக் கைவிடப்போவதாக அறிவித்தார். அதே வாரம் ராயல் சொசைட்டியின் அறிக்கையும் வெளியானது. தலைப்பே கேள்விதான். மூடிவிடலாமா, மறுபடி ஸ்டார்ட் செய்யலாமா? அந்த ஆய்வுக் குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? ஸ்டீவ் ஃபர்பர். ஆம், முதலாளியின் தந்திரத்தில் சிக்கி ஒரு வாரத்துக்குள் பிபிசி மைக்ரோவைச் செய்து காட்டிய அதே ஃபர்பர். அவரும் சோஃபி வில்சனும் அதற்குப் பிறகு வடிவமைத்த ஏஆர்எம் சிப்பின் வாரிசுகள்தான் இன்று உலகத்து செல்போன்கள் கிட்டத்தட்ட அனைத்திலும் மூளையாக இருக்கின்றன. முப்பது வருஷம் கழித்து, தான் போட்ட பாதை எங்கே தொலைந்தது என்று தேட அவரையே கூப்பிட்டிருந்தார்கள்.

2014 செப்டம்பர். கம்ப்யூட்டிங் என்ற புதிய பாடம் இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் ஆரம்பமானது. ஐந்து வயதிலிருந்து!

ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் பதறினார்கள். கணக்கு, வரலாறு, ஓவியம் என்று எல்லாவற்றையும் ஒரே ஆள் நடத்தும் வகுப்புகள். இதில் அல்காரிதம் வேறா? ஆனால் பாடம் நடந்த விதம் வேடிக்கையானது. பல வகுப்புகளில் கம்ப்யூட்டரே கிடையாது. ரொட்டி, ஜாம், கத்தி. டீச்சர்தான் ரோபோ. குழந்தைகள் கட்டளை சொல்லவேண்டும். 'ஜாமை ரொட்டி மேலே வை' என்கிறது ஒரு குழந்தை. டீச்சர் ஜாம் பாட்டிலைத் தூக்கி அப்படியே ரொட்டி மேல் வைக்கிறார். வகுப்பே சிரிக்கிறது. பாட்டிலைத் திற, கத்தியை எடு, ஜாமைத் தோண்டு, ரொட்டி மேலே தடவு. ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும், வரிசையாகச் சொல்லவேண்டும். இதுதான் அல்காரிதம். தப்பான வரியைக் கண்டுபிடித்துத் திருத்தினால் அதுதான் டீபக்கிங். தேனீ மாதிரி ஒரு மஞ்சள் பொம்மையை பட்டன் அழுத்தித் தரையில் ஓட்டுவார்கள். பாப்பர்ட்டின் ஆமை திரும்பி வந்துவிட்டது.

இந்தப் பாடத்திட்டத்தின் அழகு இன்னொரு இடத்தில் இருக்கிறது. ஆரம்பப் பள்ளிக்கு அது மொத்தமே இரண்டு பக்கச் சமாசாரம். ஐந்திலிருந்து ஏழு வயதுக்காரர்களுக்கான பட்டியலில் அல்காரிதம் இருக்கிறது, சின்ன புரோகிராம் எழுதுவது இருக்கிறது. அவற்றுக்குக் கீழேயே, சொந்த விவரங்களை வெளியே சொல்லாதே, இண்டர்நெட்டில் எதையாவது பார்த்தோ யாராவது தொடர்புகொண்டோ மனசு கலங்கினால் யாரிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று தெரிந்துகொள் என்றும் இருக்கிறது. தனிப் பாடம் இல்லை, தனி டீச்சர் இல்லை. ஒரே பட்டியல்.

ஏழிலிருந்து பதினொரு வயதுக்கு இன்னும் ஒரு படி மேலே. ஏதோ ஒரு வார்த்தையைத் தேடினால் சில முடிவுகள் மேலே வருகின்றன, சில கீழே போகின்றன. யார், எப்படி அந்த வரிசையைத் தீர்மானிக்கிறார்கள் என்று குழந்தை புரிந்துகொள்ளவேண்டும் என்கிறது பாடத்திட்டம்.

இங்கேதான் இரண்டு பாடமும் ஒன்றாகின்றன. 'இப்படி நடந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்று தன் கையால் ஒரு முறை எழுதிப் பார்த்த குழந்தைக்கு, திரையில் வருவது எதுவும் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை என்று தெரியும். அடுத்த வீடியோ தானாக வரவில்லை. யாரோ ஒருவர் எழுதிய விதிப்படி வருகிறது. அந்த யாரோவுக்கு ஒரு நோக்கம் இருக்கிறது. இது தெரிந்த குழந்தையை ஏமாற்றுவது கொஞ்சம் கஷ்டம்.

*

சுபம் என்று கார்டு போட்டுவிடலாமா? ம்ஹூம்.

2017 நவம்பரில் ராயல் சொசைட்டி மறுபடி வந்து பார்த்தது. பாடம் நல்ல பாடம், ஆனால் ஒட்டுப்போட்ட துணி மாதிரி அங்கங்கே கிழிந்திருக்கிறது என்ற ரீதியில் அறிக்கை வந்தது. ஆசிரியர்களில் பெரும்பாலோர் தாங்களே படிக்காத பாடத்தை, போதிய பயிற்சியில்லாமல் நடத்திக்கொண்டிருந்தார்கள். பெரிய வகுப்புகளில், பாதிக்கு மேற்பட்ட பள்ளிகள் கம்ப்யூட்டர் சயின்ஸைத் தேர்வுப் பாடமாகவே வைக்கவில்லை. பாடத்தை மாற்ற ஒரு ஜி.ஓ. போதும். டீச்சரை உருவாக்க வருஷங்கள் வேண்டும். ஆசிரியர் பயிற்சிக்கு 84 மில்லியன் பவுண்டு ஒதுக்கி, 2018-ல் தனி மையம் ஆரம்பித்தார்கள். 2020 செப்டம்பரிலிருந்து ஆரம்பப் பள்ளிகளில் உறவுகள் பற்றிய பாடமும் கட்டாயமானது. ஆன்லைன் நட்புகள் அதில் ஒரு பகுதி.

சுவர் கட்டுகிறவர்களும் ஓயவில்லை. 2023-ல் இணையப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குழந்தைகள் பார்க்கக் கூடாததைக் காட்டும் தளங்கள் வயதைச் சரிபார்த்தே உள்ளே விடவேண்டும் என்ற விதி 2025 ஜூலையில் அமலானது. உடனே என்ன நடந்தது? இடத்தை மறைத்துக்கொண்டு உலவ உதவும் விபிஎன் ஆப்களின் டவுன்லோட் பிரிட்டனில் எகிறியது. விதி வந்த சில நாட்களில் அவை ஆப் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருந்தன. ஏறிக் குதித்தவர்களில் பெரியவர்கள் எத்தனை, பிள்ளைகள் எத்தனை என்று சுவருக்கு எப்படித் தெரியும்?

சுவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவர் மட்டும் போதாது.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் செல்போனைக் கொண்டுவந்து நீட்டினாள். 'அப்பா, நான் பூனை வீடியோதானே கேட்டேன்? இது ஏன் வந்துச்சு?' பார்த்தேன். வேறு ஏதோ அசட்டு வீடியோ. சட்டென்று போனைப் பிடுங்கி ஷெல்ஃப் மேலே வைத்தேன். என் கைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் முகம் சுருங்கிவிட்டது. தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

ராத்திரி படுக்கப் போகும்போதுதான் உறைத்தது. இங்கிலாந்து தன் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்க முப்பது வருஷம் பாடுபட்டது எதற்காக? சரியாக அந்தக் கேள்வியைக் கேட்க. மனசுக்குச் சரியாகப் படாததை நம்பிக்கையான ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்ட. அவள் இரண்டையும் ஒரே நிமிஷத்தில் செய்தாள். நான்தான் பாடத்தில் ஃபெயில்.

மறுநாள் காலையில் போனை ஷெல்ஃபிலிருந்து இறக்கினேன். பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். 'நேத்து கேட்டியே, அது ஏன் வந்துச்சுன்னு? வா, பார்க்கலாம்' என்றேன்.

கயிற்றின் ஒரு முனை இப்போது என் கையில் இருக்கிறது.